தாயத்தும் நர்சம்மாவின் அலமாரியும்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் பேனாவைத் தொடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். ஆனால் நான் செய்த வேலையைப் பற்றி எனக்குத் தெரியும். அதில் சந்தேகம் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், கருங்குழியில் லாரிகள் நிற்கும் இடத்தில் எனக்கு வேலை. எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றின் சார்பில் டிரைவர்களுக்கு ஆணுறை கொடுப்பேன். ரத்தப் பரிசோதனைக்குச் செங்கல்பட்டுக்கு அனுப்புவேன். முதல் மாதம் பையை டீக்கடை பெஞ்சுக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.

"இன்னாக்கா, இன்னிக்குப் பிரசாதம் இல்லியா?" என்பார்கள்.

"வரிசையில வந்தா உண்டு" என்று ஒருநாள் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். டீக்கடையே சிரித்தது. அதற்குப் பிறகு பை பெஞ்சின் மேலேயே இருந்தது.

அந்த டிரைவர்களில் ஒருவருக்கு ரத்தத்தில் கிருமி இருந்தது. அவர் மனைவிக்கும் இருந்தது. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண் வழி சொல்லியிருந்தார். வலி எடுத்ததும் தாய் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குச் சொட்டு மருந்து. இரண்டும் கொடுத்தால் பிள்ளைக்குத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறையும். மாத்திரை அங்கே பிரசவ வார்டில் தயாராக இருந்தது.

ஒருநாள் அந்த டிரைவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கெழம வளகாப்புக்கா. அப்பிடியே அவங்கம்மா வூட்டுக்கு இட்டுகினு போயிடுவாங்க."

"எங்க?"

"மாமல்லபுரம் தாண்டி. பிரசவமும் அங்கதான்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மாத்திரை இருப்பது செங்கல்பட்டில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று யாருக்குத் தெரியாது? நானே அப்படித்தான் பெற்றேன். ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனைவி ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்தாள், கணவர் என் பதிவேட்டில் இருந்தார். வளைகாப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அடுத்த பஸ்ஸிலேயே செங்கல்பட்டு போய்ச் சொன்னேன். டாக்டரிடம் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார் அந்த ஆலோசனைப் பெண். ஒன்றை மனைவியிடம் கொண்டுபோனேன். அவள் வாங்க மறுத்தாள்.

"எங்கம்மா என் பையத் தெனம் கொட்டி மடிக்கும்க்கா. இன்னா மாத்திரன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

யோசித்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரியின் கழுத்தில் தாயத்து இருந்தால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மாத்திரையை அதன் உறையோடு சிவப்புத் துணியில் வைத்துத் தைத்து, கறுப்புக் கயிறு கோத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் தாய்வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்சம்மாவிடம் மட்டும் விவரம் சொன்னேன்.

"நீ லாரிக்காரங்களுக்குப் பாக்கெட் குடுக்குறவதான? பிரசவத்துல உனக்கு இன்னா வேல?" என்றார்.

"அந்தப் பொண்ணோட வூட்டுக்காரரு என் ஆளு. அப்ப இதுவும் என் வேலதான்."

சத்தமாகச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நர்சம்மா இரண்டாவது மாத்திரையை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சொட்டு மருந்து வாங்கிவருவது கணவர் பொறுப்பு. ஆணுறையை விடக்கூடாது என்றும் அவரிடம் சொன்னேன். "இனிமே எதுக்குக்கா?" என்றார். "இனிமேதான் கண்டிப்பா" என்றேன்.

வலி எடுத்த அன்று காலை டீக்கடைக்கு அவர் போன் செய்தார். இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சுகாதார நிலையத்தில் அவள் கட்டிலில் கிடந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"நீ யாரும்மா?" என்று அவள் அம்மா கேட்டார்.

"கருங்குழிலருந்து வர்றேம்மா. தெரிஞ்சவங்க. கழுத்துல தாயத்து இருந்துச்சே?"

"வலி எடுத்ததும் நாந்தான் அவுத்தேன். கட்டு இருந்தா கொழந்த எறங்குமா? சாமி படத்துல மாட்டிட்டு வந்துகீறேன்."

வளைகாப்பை மறந்தது போலவே இதையும் மறந்திருக்கிறேன். பிரசவத்துக்கு முன் முடிச்செல்லாம் அவிழ்ப்பது எங்கள் வீட்டிலும் உண்டு.

நான் நர்சம்மாவைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவிடம் பிளாஸ்க்கை நீட்டினார். "பொண்ணுக்கு நாக்கு வறண்டு கெடக்குது. கடையில சூடா பால் வாங்கிட்டு வா, போ."

அந்த அம்மா வாசல் தாண்டியதும் அலமாரி திறந்தது. நான் தலையைத் தாங்கிப் பிடித்தேன். நர்சம்மா மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தார். விழுங்கினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பொழுது சாய்வதற்கு முன் பெண் குழந்தை பிறந்தது.

"தாயத்த அவுத்ததும் எப்பிடி சுளுவா ஆச்சு, பாத்தியா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா" என்றேன். கட்டிலில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை அவள் கணவர் செங்கல்பட்டிலிருந்து சொட்டு மருந்து வாங்கிவந்தார்; நர்சம்மா குழந்தைக்குக் கொடுத்தார். அந்த அம்மா வீட்டிலிருந்து தாயத்தை எடுத்துவந்து தொட்டிலில் கட்டினார். நான் பத்து மணி பஸ்ஸில் கருங்குழிக்குப் புறப்பட்டேன்.