அந்த ஆண்டின் ஐந்து ஓட்டங்கள்

எங்கள் கிளப்பில் பதினாறு கார்கள் இருந்தன. எல்லாம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் செய்தவை, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடி, வரப்போகும் ஆண்டில் எல்லாக் கார்களும் சேர்ந்து எங்கெங்கே ஓட்டம் போவது என்று பேசி முடிப்போம். எந்த மாதம், எந்த ஊர் என்பதில் சண்டை வரும். எந்தச் சாலை வழியாக என்பதில் சண்டை வந்ததே இல்லை. அது என் கணவரின் வேலை.

அவர் பொதுப்பணித் துறையில் நில அளவையாளராக முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவர். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வரை எந்த முடக்கில் எந்தப் பாலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பாதைத் தாள் தயாரிப்பார். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்த அடையாளம், அங்கே இடமா வலமா என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் கையால் எழுதுவார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற நான் அதை டைப் செய்வேன். ஓட்டத்தின்போது அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். எங்கள் இருவருக்கும் பேச்சு குறைவு. எங்கள் பச்சைக் காருக்குள் மட்டும் நிறுத்தாமல் பேசுவோம். "அடுத்தது என்ன?" என்பார். "எண்ணூறு மீட்டர்ல இடது" என்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில் ஐந்து ஓட்டங்கள் முடிவாயின. பொங்கல் கழிந்ததும் காப்பார் வழியாகக் கோலசிலாங்கூர். மார்ச்சில் உலு யாம் மலைச்சாலை. மே மாதம் போர்ட்டிக்சன். ஆகஸ்டில் சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடி வாசலில் கண்காட்சி. தீபாவளிக்குப் பிறகு கிள்ளானிலிருந்து மோரிப் கடற்கரை வரை கடைசி ஓட்டம். எங்கள் தலைவர் யாழ்ப்பாண வழி வந்த ஒரு பல் டாக்டர். பட்டியலைப் படித்து முடித்துவிட்டு, "அண்ணே, பாதையெல்லாம் வழக்கம்போல உங்கட பொறுப்பு" என்றார். என் கணவர் எழுந்து நின்று தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். உட்கார்ந்தவர் என் பக்கம் சாய்ந்து, "இவங்கள்ளாம் யாரு?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் அப்படியே எழுதிவிடத்தான் கை போகிறது. உண்மை என்னவென்றால், அதற்கு முன்பே இரண்டு முறை வீட்டு கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே போகக் கிளம்பினோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன். பார்க்காதவள்போல உள்ளே போயிருக்கிறேன்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாளை எழுதுவது வழக்கம். இருவரும் சேர்ந்து போவோம். அந்த முறை, "நான் தனியாப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றார். போர்ட்டிகோவில் நின்ற பச்சைக் காரின் உறை மேல் மாமரத்து இலைகள் அப்படியே கிடந்தன. உறையை யாரும் எடுக்கவே இல்லை. அவர் நீட்டிய தாளில் காப்பார் தாண்டி ஓர் எஸ்டேட் மண்சாலை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, தோட்டத்து ஆபீஸ், பிறகு வலப்பக்கம். அந்தத் தோட்டம் கைமாறிப் பல வருடமாகியிருக்கும் என்று எனக்கு லேசாக ஞாபகம்.

"ஏங்க, இந்த ரோடு இன்னும் இருக்கா?" என்றேன்.

"நான் அளந்த ரோடு. என்கிட்டயே கேக்கறியா?"

நான் டைப் செய்தேன். ஒரு எழுத்து மாற்றாமல் டைப் செய்தேன். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. திறக்கவில்லை. திறந்தால் என்ன தெரியவரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறு காலை பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பன்னிரண்டு கார்கள் கிளம்பின. நாங்கள்தான் முதலில். கிள்ளானைத் தாண்டும்வரை அவர் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. கியர் மாற்றுவது, வளைவில் வேகம் குறைப்பது எல்லாம் கையும் காலும் தாமாகச் செய்தன. காற்றில் தலைமுடி பறக்க அவர் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றுமே இல்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. காப்பார் தாண்டினோம். தண்ணீர்த் தொட்டியைக் காணோம். "இங்கதான்" என்று சொல்லி ஒரு தார்ச்சாலைக்குள் திரும்பினார். இரு பக்கமும் கிடங்குகள். பின்னால் வந்த பதினோரு கார்களும் திரும்பின. சாலை ஒரு கான்கிரீட் சுவரில் போய் முடிந்தது.

குறுகலான சாலை. பன்னிரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டன. கடைசியில் நின்றவர் பின்னால் எடுத்தால்தான் அடுத்தவர் எடுக்க முடியும். பதினொரு மணி வெயில். பழைய எஞ்சின்கள் நின்ற இடத்தில் சூட்டைத் தாங்காது. எங்களுக்குப் பின்னால் நின்ற காரிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அது லோரி கம்பெனி வைத்திருக்கும் ஒருவரின் கார். ஏழு வருடம் பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்துக் கட்டியது. இறங்கி ஓடி வந்தார்.

"என்னாண்ணே ரோடு இது? தாள்ல வலதுன்னு போட்டிருக்கு, வலதுல சுவரு நிக்குது லா!"

என் கணவர் காரை விட்டு இறங்கினார். சுவர் அருகே போனார். உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். வைத்தபடியே வலப்பக்கமாக நடந்தார், எங்காவது ஒரு வாசல் கிடைக்கும் என்பதுபோல. சுவர் முடியும் மூலைவரை போய்த் திரும்பி, மறுபடி அதே சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லோரி கம்பெனிக்காரரும் ஆவி விடும் காரை மறந்து பார்த்தார்.

திரும்பி வந்த என் கணவரின் முகம் சிவந்திருந்தது. என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். "நான் இப்படி எழுதல. இவ தப்பா டைப் பண்ணிட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்ததா, அல்லது உண்மையிலேயே நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஆமா" என்றேன். "என் தப்புதான். பழைய தாளைப் பாத்து அடிச்சிட்டேன்."

அன்று கோலசிலாங்கூரில் ஏற்பாடு செய்திருந்த சாப்பாட்டுக்குப் பாதிப் பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆவி கிளம்பிய அந்தக் கார் இழுவை வண்டியில் போயிற்று. சூட்டில் எஞ்சினின் மேல்பாகம் வளைந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். மறுநாள் எங்கள் தலைவர், அந்தப் பல் டாக்டர், எனக்குப் போன் செய்தார். "மனசில வச்சுக்கொள்ளாதேங்கோ அக்கா. எல்லாருக்கும் வாற பிழைதான். ஆனா ஆக்கள் கோபமா இருக்கினம். டைப்பிங்கை இனி வேற ஆளிட்டக் குடுப்பம். அண்ணை பாதையைப் போடட்டும்."

நான் சொன்ன பொய்யின் விலை இதுதான். உண்மையைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னை எடுத்துவிட்டு அவரை வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் மாத ஓட்டத்துக்கான தாளை அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு நாட்கள் எழுதினார். அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து பழையபடி அச்சுப்போல இருந்தது. முதல் பத்து வரிகள் சரி. அதன் பிறகு உலு யாம் மலைச்சாலையின் நடுவே காப்பார் பாலம் வந்தது. கிள்ளான் ரயில் கேட் வந்தது. மலையில் இறங்கும் இடத்தில், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் அந்தக் கொண்டையூசி வளைவில், "நேராகப் போகவும்" என்று எழுதியிருந்தார். அந்த வளைவுக்கு அவர் எப்போதும் இரண்டு கோடு போட்டு எச்சரிக்கை எழுதுவார். அதை நான் பத்து முறையாவது டைப் செய்திருப்பேன்.

தாளை இருந்த இடத்தில் வைத்தேன். பின்கட்டுக்குப் போய் வாஷிங் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்கோ அக்கா."

சொன்னேன். சுவரருகே நடந்தது என் பிழை இல்லை என்றும் சொன்னேன். அவர் வீட்டு கேட்டில் நின்றதையும், கார் உறையையும் இந்தத் தாளையும் பற்றிச் சொன்னேன். "எவ்வளவு நாளா?" என்றார் டாக்டர். வாஷிங் மெஷின் நின்றதும் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கிளப்பின் வாட்ஸாப் குழுவில் திருத்திய பட்டியல் வந்தது. மிச்சமிருந்த நான்கு ஓட்டங்கள், அதே ஊர்கள். பாதை அமைப்பு என்ற இடத்தில் வேறொருவர் பெயர். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மூன்று முறை படித்ததை நான் எதிரிலிருந்து பார்த்தேன்.

"நீ சொன்னியா?"

"ஆமாங்க."

"என்னான்னு?"

"உங்களுக்கு மறதி வந்துடுச்சுன்னு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். "காட்டிக் குடுத்துட்ட" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரலில் மகள் சுபாங் ஜெயாவிலிருந்து வந்து எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்றார்கள். சாவியை மகள் எடுத்துக்கொண்டாள். போர்ட்டிக்சன் ஓட்டம் நடந்த மாதத்தில் அவருக்கு ஓட்டம் என்ற ஒன்று இருந்ததே மறந்திருந்தது. கண்காட்சிக்குப் பச்சைக் காரை ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனபோது ஜன்னலில் நின்று பார்த்து, "நல்ல வண்டி, யாருது?" என்றார். மகளின் பெயர் சில நாட்களில் வரும், சில நாட்களில் வராது. பொதுப்பணித் துறை போயிற்று, சாலைகள் போயின, வீட்டுக் கழிப்பறைக்கு வழிகூடப் போயிற்று.

நான் காட்டிக்கொடுத்தது மட்டும் போகவில்லை. நான் சோறு போட்டால் சாப்பிடமாட்டார். மகள் போட்டால் சாப்பிடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "இவகிட்ட ஒண்ணும் பேசாதீங்க. போய்ச் சொல்லிடுவா" என்பார். நான் யார் என்று கேட்டால் சில நாட்களில் தெரியாது. ஆனால் காட்டிக்கொடுத்தவள் என்பது தெரியும். மூளை எதை எடுக்கும், எதை விடும் என்பதற்கு நியாயம் எதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கோபப்பட ஆள் இல்லாததுதான் அந்தப் பதிலில் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

தீபாவளி முடிந்து, கடைசி ஓட்டத்துக்கு டாக்டர் அழைத்தார். "கிள்ளானில இருந்துதானே புறப்படுறம், உங்கட வீட்டுக்குக் கிட்ட. வந்து கொடி அசைச்சு விடுங்கோ அக்கா." மகளை என் கணவருடன் இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். ஒன்பது கார்கள் வந்திருந்தன. லோரி கம்பெனிக்காரரின் கார் இன்னும் சரியாகவில்லை. அவர் வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்கங்கக்கா, அன்னிக்கு எனக்குத் தெரியாது" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. கொடியை அசைத்தேன். கார்கள் மோரிப் சாலையில் திரும்பி மறைந்தன. பாதைத் தாள் கொடுக்கவில்லை, எல்லோரும் கைபேசியில் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வரவேற்பறை நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் அடுப்படியில் இருந்தாள்.

"எங்க போயிட்டு வர?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் அவர் நேராகப் பேசிய வார்த்தை.

"பாசாருக்கு, மீன் வாங்க" என்றேன்.

என் வெறுங்கையைப் பார்த்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.