ஜெயவேலு ஒட்டிய ஒன்பது அட்டைகள்

ஸ்டூடியோ ஜெயவேலு இறந்த செய்தி கேட்டு நான் கண்ணீர் விட்டதாக நம் அஞ்சலட்டை சேகரிப்பாளர் வட்ட இதழின் இரங்கல் குறிப்பில் அச்சிட்டிருக்கிறீர்கள். நான் அழவில்லை. கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செயலாளர் அங்கேயே வந்து, "நம்ம ஜெயவேலு பூட்டாருங்க, வெள்ளிமலைல, காலைல" என்றார். என் கன்னத்தில் வழிந்தது மருந்து. அதே குறிப்பில் என்னை அவருடைய சிஷ்யை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அவரிடம் எதுவும் கற்கவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

விமான நிறுவனங்கள் முன்பெல்லாம் பயணிகளுக்கு இலவசமாகப் பட அட்டை கொடுக்கும். முன்பக்கம் விமானத்தின் படம், பின்பக்கம் எழுத இடம். எழுதிப் பணிப்பெண்ணிடம் கொடுத்தால் நிறுவனமே தபாலில் சேர்த்துவிடும். ஜெயவேலு விமானம் ஏறியதே இல்லை. ஆனாலும் அவரிடம் இருந்த அளவுக்கு இந்த மாவட்டத்தில் வேறு யாரிடமும் இல்லை. வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட் படத்துக்குக் கள்ளக்குறிச்சியில் அவருடைய ஸ்டூடியோவுக்குத்தான் வருவார்கள். முகவாயை நிமிர்த்தி வைக்கும்போதே சொல்லிவிடுவார்: "ஏறி குந்தினதும் முன்சீட்டு பையில கைய வுடு. கார்டு கீதான்னு பாரு. இருந்தா எடுத்துக்கினு வா. ஆனா அதுல ஒன்னும் கிறுக்கிடாத." சங்கராபுரத்துக் கொத்தனார்கள் எத்தனையோ பேர் அவருக்காக அந்தப் பைகளைத் துழாவியிருக்கிறார்கள். அது ஒரு சாமர்த்தியம். ஒப்புக்கொள்கிறேன்.

கிறுக்கிடாத என்ற அந்தச் சொல்லில்தான் எங்களுக்குள் சண்டை. யாருக்கும் எழுதப்படாத அஞ்சலட்டை அச்சடித்த காகிதம் மட்டுமே என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "மேடம் கான்வென்ட்ல படிச்சவங்க, எழுத்தைத்தான் பாப்பாங்க. நான் ஸ்டூடியோக்காரன். மூஞ்சிதான் முக்கியம், முதுகை யாரு பாக்கறது?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தவர்கள் யார் யார் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என் கணவர் வளைகுடாவில் பொறியாளராக இருந்தார். ஒவ்வொரு முறை திரும்பிப் போகும்போதும் விமானத்திலேயே ஓர் அட்டை எழுதி அனுப்புவார். வரும்போது எழுதமாட்டார், ஆளே வருகிறாரே. அப்படி ஒன்பது அட்டைகள். அவர் காலமான மறு ஆண்டு, வட்டம் நடத்திய கண்காட்சிக்காக அவற்றை ஜெயவேலுவிடம் கொடுத்தேன். நான்கு மூலைகளிலும் காகித உறை செருகி வைக்க வேண்டும், பசை கூடாது, ஓர் அட்டையையாவது திருப்பி வைத்து எழுத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

கல்யாண ஆல்பம் ஒட்டிப் பழகிய கை அது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையை ஒன்பது அட்டைகளின் முதுகிலும் முழுக்கத் தடவி, தன் ஆல்பத்தின் தடித்த தாள்களில் அழுத்தி ஒட்டியிருந்தார். ஓரம்கூடத் தூக்கவில்லை. எழுத்து எங்கே என்று கேட்டேன். "எழுத்து எங்க போவும் மேடம்? பின்னாடியேதான் கீது" என்றார். நான் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். படித்தீர்களா என்று கேட்டதற்கு, மேடம் கையெழுத்து அழகு என்று பதில் சொன்னார்.

அந்த ஒன்பதில் ஒன்றை நான் படித்ததில்லை. என்னைக் கேட்காமல் இன்னும் இரண்டு ஆண்டுக்கு வேலையை நீட்டித்துக்கொண்டார் என்று கணவர்மீது கோபம். அந்த முறை அவரை வழியனுப்ப நான் வாசலுக்குக்கூட வரவில்லை. அட்டை வந்தபோது முதல் வரியைப் பார்த்தேன். கோபம் தணிந்ததா என்று கேட்டிருந்தார். தணியவில்லை. கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டேன். பிறகு விடுமுறையில் வந்தவர் அட்டை வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். அவர் காலமான பிறகு அதை எடுக்கக் கை வரவில்லை. கண்காட்சி முடிந்து வந்ததும் படித்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் கட்டோடு கொடுத்தேன். படிக்காமல் கொடுத்தது என் தவறு. அதை ஜெயவேலுவின் தலையில் கட்டமாட்டேன். ஒட்டியது அவர் தவறு.

கண்காட்சி முடிந்ததும், உரித்தால் கிழிந்துவிடும் என்று சொல்லி அட்டைகளை ஜெயவேலு தன் ஆல்பத்திலேயே வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூடியோவை மூடிவிட்டு அந்த ஆல்பத்தோடு வெள்ளிமலையில் மகள் வீட்டுக்குப் போனார். மலைப் பனியில் தாள் பூஞ்சணம் பிடிக்கும் என்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பேருந்து ஏறி நேரிலேயே போனேன். அவர் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். இட்லிப் பானை ஆவியில் காட்டி உரித்திருக்கிறார். பின்பக்கம் முழுதும் நீலக் கறை. ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. "மை கரைஞ்சி பூட்ச்சி மேடம். மீதிய தொடமாட்டேன்" என்றார். ஆல்பத்தைக் கேட்டேன். "குடுத்தா நீங்களும் ஆவி காட்டுவீங்க" என்றார். மாட்டேன் என்றேன். பொய் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அந்த ஒற்றை அட்டையோடு மலை இறங்கினேன். அன்று அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் அடுத்த இதழில் எழுத வேண்டாம்.

என் கணவரின் பாஸ்போர்ட் படம் ஜெயவேலு எடுத்தது. பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். கண்கள் இரண்டும் என்னையே நேராகப் பார்க்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெயவேலுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அந்த நீலக் கறை அட்டையும்தான்.

இப்போது ஆல்பம் அவர் மகள் மூலம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அட்டைகளை உரித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போவதாக அறிகிறேன். ஈரத்துணி போட்டால் சுலபமாக வந்துவிடும் என்று ஒருவர் என் வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். வராது. மீதி எட்டு அட்டைகளும் என்னுடையவை. நான் படிக்காதது, பச்சை வால் விமானம் சாய்ந்து திரும்பும் படம் உள்ளது. அவற்றை யாரும் உரிக்கக் கூடாது. ஒட்டியுள்ள தாளோடு அறுத்து அப்படியே என்னிடம் கொடுங்கள். படிக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை, என் கணவர் எழுதியது உள்ளே இருக்கும்.

இதற்குச் சம்மதமா இல்லையா என்பதைச் செயலாளர் கையெழுத்திட்டு எனக்குத் தபாலில் எழுதி அனுப்பவும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.