பத்தாம் வகுப்பு எஞ்சினியர்

இரத்தினவேல் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது அவரிடம் இரண்டு பெட்டியும் ஒரு பட்டமும் இருந்தன. பெட்டிகளால் அவருக்கு ஒரு தொல்லையும் வரவில்லை.

மொறட்டுவையில் இரசாயனப் பொறியியல் படித்து, ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் புறொசெஸ் எஞ்சினியராக இருந்தவர் அவர். மூலப்பொருள் உள்ளே போய்ச் சரக்காக வெளியே வரும்வரை எங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிற ஆள். தொண்ணூற்றிரண்டில் அறுபத்தேழு விண்ணப்பம் போட்டார். எல்லா இடத்திலும் கனேடிய அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று திருப்பிக் கேட்க அவருக்கு ஆங்கிலமும் இருந்தது, வாயும் இருந்தது. கேட்டபோது மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் பார்க்டேலில் யேசுரட்ணம் அண்ணையிடம் போனார். ஊரில் தபால் கந்தோரில் முத்திரை விற்ற அண்ணை, இங்கே சனங்களுக்கு ரெசுமே எழுதிக் கொடுத்துப் பெரிய மனிதராகியிருந்தார். அவருடைய சமையலறை மேசையில் மூன்று டொக்டர்மாரும் ஒரு கல்லூரி அதிபரும் ஏற்கெனவே படிப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"படிப்பை வெட்டும் தம்பி," என்றார் அண்ணை. "பட்டம் இருக்கெண்டால் பக்ரறிக்காரன் பயப்பிடுவான். நாளைக்கு விட்டிட்டு ஓடிடுவீர் எண்டு நினைப்பான். பத்தாம் வகுப்பு எண்டு போடும்."

"அது பொய்யெல்லோ அண்ணை?"

"நீர் பத்தாம் வகுப்புப் படிச்சனீரோ, இல்லையோ?"

"ஓம், படிச்சனான்."

"பிறகென்ன பொய்?"

அடுத்த கிழமையே மில்லிக்கனில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே புறொசெஸ் எஞ்சினியராக ஒரு வெள்ளைக்கார இளைஞன் இருந்தான். பிஸ்கட்டுகள் பக்கற்றுக்குள் தானாக வெடித்து உடைகின்றன என்று இரண்டு மாதமாக மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தான். ஓரம் காய்ந்து நடு ஈரமாக வெளியே வந்தால் பிஸ்கட் பிறகு வெடிக்கத்தான் செய்யும். அடுப்பின் கடைசிப் பகுதியில் சூட்டைக் குறைத்து பிஸ்கட்டை மெல்ல ஓடவிட வேண்டும். முதல் நாளே இரத்தினவேலுக்கு இது தெரியும். மணிக்கு மணி கணக்கெடுத்து ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, இலக்கங்களை அவனுக்குச் சொன்னார். வெடிப்பு நின்றது. இலக்கங்களைத் தன்னுடையதாகக் கூட்டத்தில் சொன்ன இளைஞன் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனான். அவனிடம் கனேடிய அனுபவம் இருந்தது, பாவம்.

அந்த இடத்துக்கு ஆள் தேவை, உள்ளே வேலை செய்வோருக்கு முன்னுரிமை என்று சாப்பாட்டு அறைச் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். இரத்தினவேலின் மனைவி மனோரஞ்சிதம் பட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, சேர்ட்டையும் மினுக்கிக் கொடுத்தாள். அவர் எஞ்சினியராக இருக்கிறார் என்று அவள் வந்த நாளிலிருந்தே தாங்கள் குடியிருந்த மோர்னிங்சைட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு நாளும் நான் சொன்ன பொய்யை நீங்கள்தான் உண்மையாக்கோணும்," என்றாள்.

அலுவலகத்தில் இருந்த அம்மையார் இரண்டு கடதாசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று இரத்தினவேல் வேலைக்குச் சேரும்போது நிரப்பிய படிவம், பத்தாம் வகுப்பு. மற்றது பட்டம். இதில் எது பொய் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். இந்த நாட்டில் கழுத்தறுப்பதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள். இரண்டும் உண்மை என்று யேசுரட்ணம் அண்ணையின் நியாயத்தை அப்படியே எடுத்துச் சொன்னார் இரத்தினவேல். பார்க்டேல் சமையலறையில் அவ்வளவு நன்றாக இருந்த நியாயம் அந்த மேசையில் எடுபடவில்லை.

பொய் சொன்னவரை நீக்குவதுதான் விதி. ஆனால் நல்ல தொழிலாளி என்பதால் நிர்வாகம் இரக்கப்பட்டது. முதல் படிவமே சரி, தன் படிப்பு பத்தாம் வகுப்புத்தான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அடுப்பு வேலை நிலைக்கும். வீட்டு வாடகையை நினைத்து அவர் கையெழுத்து வைத்தார்; சாட்சிக்கு மனேஜரும் வைத்தார். வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் நின்று அழுதார். மொறட்டுவையில் சோதனைக்காகக் கண்விழித்த இரவுகளுக்காக அழுதார்.

பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்த ஒருவன் புதிய எஞ்சினியரானான். மூன்றாம் மாதம் மாவு மாறியது, பிஸ்கட் மறுபடி வெடித்தது. அந்தக் கடதாசிக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்த அதே மனேஜர் அடுப்படிக்கு வந்து, போனமுறை நீ ஏதோ கொப்பியில் எழுதி வைத்திருந்தாயே, அதைக் கொஞ்சம் தா என்று கையை நீட்டினார்.

"எனக்கு எப்படித் தெரியும் சேர்," என்றார் இரத்தினவேல். "நான் பத்தாம் வகுப்பு. உங்களிடம் எழுத்தில் இருக்கிறது."

மனேஜர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நீட்டிய கையை மடக்கவில்லை. இரத்தினவேல் சட்டைப்பையில் கொப்பி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், பையின் பொத்தானைப் பூட்டினார், சாப்பிடப் போனார்.