கைக்கெட்டும் இடத்தில் எண்ணெய்க் குப்பி

1. மாலை நாலு மணிக்கு, பெயர்ப்பட்டியல் அச்சடிக்கும் புரோகிராமைத் திறந்ததும், மெமரி போதவில்லை என்று சொல்லிக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.
2. மெமரியில் பின்னால் தங்கியிருந்த சின்னச் சின்ன புரோகிராம்களை நீக்கினேன். போதவில்லை.
3. டிஸ்க்கிலிருந்து அடிக்கடி தேவைப்படுவதை மெமரியிலேயே கைவசம் வைத்திருக்கும் கேஷைப் பாதியாகக் குறைத்தேன். அதுவும் போதவில்லை.

ஐந்து மணி பஸ்ஸில் பெயர்ப்பட்டியல் போகாவிட்டால் எங்கள் இன்ஸ்டிடியூட் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் டைப்ரைட்டிங் பரீட்சை கிடையாது.

"ஏம்மா, ஓடுதா?" என்று கேட்டபடி, அருவியில் குளித்துவிட்டு வந்த முதலாளி அண்ணாச்சி ஈரத் துண்டை ஜன்னலில் விரித்தார். எண்ணெய் வாடை வந்தது.

எழுபதுகளில், அருவிக்குப் பக்கத்து ஊரான மேலகரத்தில் எங்கள் வீட்டில் குளியல் சீசன் முழுக்க அந்த வாடைதான். குளிக்க வந்து தங்கிய சொந்தக்காரர்கள், தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேட்டதும் ஓட வசதியாக, எண்ணெய்க் குப்பி, சீயக்காய், துண்டு எல்லாவற்றையும் எல்லோரும் படுக்கும் பட்டாசாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு நாள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த அப்பாவுக்குப் படுக்க இடமில்லை. அம்மா அத்தனையையும் அள்ளிக் கொல்லையில் விறகுப் புரைக்குள் கொண்டுபோய்ப் போட்டாள்.

"என்ன மதினி, எண்ணெய்க்கு மழையில நனைஞ்சுக்கிட்டா ஓடணும்?" என்றாள் அத்தை.

"குளிக்கத்தானே வந்திய? நனைஞ்சா என்ன?" என்றாள் அம்மா.

அப்பா காலை நீட்டிப் படுத்தார்.

நான் கேஷை முழுவதுமாக எடுத்துவிட்டேன். புரோகிராம் திறந்தது. ஆனால் ஒவ்வொரு பெயரையும் டிஸ்க்கில் கரகரவென்று தேடித்தான் கொண்டுவருகிறது. இப்போது மணி நாலே முக்கால். பதினோரு பெயர்கள் அச்சாகியிருக்கின்றன.