அந்தோணியார் எடை குறைந்த வருஷம்

1989 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். முற்றம் பெருக்கினேன், கோழிகளைத் திறந்துவிட்டேன், பால் விடாத கட்டன்சாயா குடித்தேன். ஆறரைக்கு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு குருசடிக்குப் போனேன். அன்று அந்தோணியார் திருவிழா என்பதால் பள்ளிக்கூடம் போகவில்லை. மற்றபடி அதுவும் எல்லாச் செவ்வாய்க்கிழமையும் போலத்தான் தொடங்கியது.

எங்கள் வீடு தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தின் சிறு கோயில், அந்தக் குருசடி. உள்ளே மரப்பீடத்தின் மேல் மரத்தால் செய்த அந்தோணியார் சுரூபம், பழுப்பு அங்கியும் கையில் குழந்தை இயேசுவுமாக நிற்கும். செவ்வாய்தோறும் அதைத் துடைப்பது, பத்து வயதான என் பொறுப்பு.

அதில் ஒரு வேலை மட்டும் முடிந்ததே இல்லை. பின்சுவரில், தரை வெடிப்பிலிருந்து பீடத்தை நோக்கிப் பென்சில் பருமனில் ஒரு மண்கோடு ஏறும். ஈரத்துணியால் அழித்துவிடுவேன். அடுத்த செவ்வாய் அதே இடத்தில் அதே கோடு நிற்கும். எனக்கு அப்போதே எதையும் அளந்து எழுதும் பழக்கம். ஸ்கேலை வைத்து அளந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறிப்பேன். சில வாரம் பதினோரு சென்டிமீட்டர், மழை பெய்த வாரம் முப்பதுக்கும் மேல். சுவரை யாரோ அழுக்காக்குகிறார்கள் என்பதே என் எண்ணம்.

திருவிழாவன்று சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி நான்கு ஆண்கள் தோளில் சுமந்து கடற்கரை வரை போய் வருவார்கள். மூன்று வருஷத்துக்கு முன், கரையேறும்போது அலை புரட்டிய கட்டுமரம் அப்பாவின் முதுகில் அடித்திருந்தது. பாரம் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவர் தென்னை நிழலில் உட்கார்ந்து ஊராருக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். போன வருஷத் திருவிழாவில் அம்மா தடுத்தும் கேட்காமல் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தார். வலிக்கவே இல்லை. சுமந்த மற்றவர்களும் சப்பரம் லேசாக வந்தது என்றே சொன்னார்கள். அந்தோணியார் தன் முதுகுக்காகப் பாரத்தைக் குறைத்துவிட்டார் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இந்த வருஷமும் வலிக்காவிட்டால், ஆடிக்கடல் அடங்கியதும் மறுபடி கட்டுமரத்தில் கடலுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில சொன்னது மறந்து போச்சா? சொமந்துட்டு வந்து கெடந்தா நான்தான் எண்ண தடவணும்" என்றாள் அம்மா அன்று காலை.

"போன வருஷம் தடவினியா? இல்லல்லா? அப்பம் சும்மா இரி."

குருசடியில் நான் அங்கியின் முதுகுப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆள்காட்டி விரல் உள்ளே போய்விட்டது. சத்தமே இல்லை. பொரித்த அப்பளத்தில் விரல் போவதுபோல, இரண்டாம் கணு வரை போயிற்று. பெயிண்டுக்குக் கீழே மரம் இல்லை. உள்ளே வெதுவெதுப்பாக ஏதோ ஊர்ந்தது. விரலை எடுத்தபோது நுனியில் குருணை அரிசிபோல ஒரு வெள்ளைப் பூச்சி ஒட்டியிருந்தது.

புனிதரின் முதுகில் ஓட்டை போட்டவள் நான் என்று மட்டும் புரிந்தது. மெழுகுவர்த்தி வடிந்து உறைந்ததைச் சுரண்டி, செங்கல் பொடி கலந்து பிசைந்து, துளையை அடைத்தேன். நிறம் ஓரளவு பொருந்தியது. யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்தே காலுக்கு விட்டது. அம்மாவின் அண்ணன், என் மாமா, வளைகுடாவில் தச்சு வேலை பார்த்துவிட்டு நான்கு வருஷத்துக்குப் பிறகு லீவில் வந்திருந்தார். சுரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்க அவரும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மாமா தம் பிடித்துத் தூக்கினார். சுரூபம் அவர் நினைத்ததைவிட வேகமாக மேலே வர, தடுமாறிப் பின்னால் ஓரடி வைத்தார்.

"பாத்தியளா மச்சான், எப்பிடி வாறாரு!" என்றார் அப்பா. அவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பை அந்த மூன்று வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

சப்பரத்தில் இறக்கியதும் மாமா அங்கியை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். என் மெழுகு உதிர்ந்து விழுந்தது.

ஆறே முக்காலுக்கு டியூப்லைட்டைப் போட்டார்கள். சில நிமிடங்களில் அந்தத் துளையிலிருந்து ஓர் ஈசல் வெளியே வந்தது. விளிம்பில் நின்று இறக்கையை விரித்து, விளக்கை நோக்கிப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. அங்கியின் மடிப்புகளிலும் பாதத்தின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாதிருந்த கீறல்களிலிருந்து அவை கூட்டம் கூட்டமாக எழுந்தன. புனிதரைச் சுற்றிக் கண்ணாடிச் சீவல்களாக இறக்கைகள் மின்னின. பெண்கள் குரவையிட்டார்கள். "புதுமைலே! புதுமை!" என்று, அற்புதத்தைக் கண்டவராக, ஒருவர் முழங்காலில் விழுந்தார். நான் போட்ட ஓட்டை வழியாக மோட்சத்திலிருந்து ஏதோ வருகிறது என்றே நம்பினேன்.

மாமா அப்பாவின் தோளைத் தொட்டார். "மாப்பிள, இது புதுமை இல்ல. செதலு."

"ஈசலுல்லா பறக்கு?"

"செதலுக்கு றெக்க மொளச்சாதான் ஈசலு. மொத மழையில பறந்து, றெக்கய உதுத்து, சோடியா மண்ணுக்குள்ள போவும். அங்க புதுக் குடித்தனம். இந்தச் சுரூபம் மாமரத்துல செஞ்சது. தரையில இருந்து பீடம் வழியா ஏறி, உள்ளதெல்லாம் தின்னிருக்கு. பெயிண்ட மட்டும் விட்டிருக்கு."

"அப்பம் லேசா வந்தது?"

மாமா தரையைப் பார்த்தார். "மரம் இல்லாததுனால."

சப்பரம் சுமப்பவர்களில் ஒருவர் மெதுவாக, "அப்பம் நம்ம நேர்ச்சைய எல்லாம் செதலா கேட்டுது?" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை.

நான் அழுதுகொண்டே ஓட்டையையும் மெழுகையும் பற்றிச் சொன்னேன். சுவரில் அழித்த மண்கோட்டையும் சொன்னேன். "நீ அழிச்சது ஒரு வழி மக்கா. பீடத்துக்குள்ள எத்தன வழியோ" என்று மாமா டார்ச்சை என் கையில் தந்து துளைக்குள் பார்க்கச் சொன்னார்.

அதை இன்றும் வரைந்து காட்ட முடியும். அறைக்குள் அறை, தாள் கனத்தில் தடுப்புகள், வளைந்து ஏறும் பாதைகள். புனிதரின் தோள் வரை ஒரு ஊர் எழும்பியிருந்தது. வெளியே கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாதபடி, அங்கியின் ஒவ்வொரு மடிப்பிலும், தோளின் வளைவிலும், பெயிண்டைத் தொடும் இடத்தில் சரியாக நிறுத்தியிருந்தன. அந்த வேலைக்காரப் பூச்சிகளுக்குக் கண்ணே கிடையாது என்று பிற்காலத்தில் படித்தபோது, அந்த மடிப்புகளைத்தான் நினைத்தேன்.

இப்போது என் வீட்டில், மாதத்தின் முதல் சனிக்கிழமை டார்ச்சுடன் கதவு நிலைகளையும் அலமாரிகளின் பின்புறத்தையும் பார்த்துவிடுவேன். வீடு கட்டும்போதே அஸ்திவார மண்ணுக்கு மருந்து விட்டாயிற்று. மர அலமாரி எதுவும் சுவரைத் தொடாது. மண்கோடு தென்பட்டால் உடனே அழிப்பதில்லை. அழித்தால் போவது பாதை மட்டும்தான். எந்த வெடிப்பிலிருந்து புறப்படுகிறது என்று பின்தொடர்ந்து, அந்த இடத்தில் தரையைத் துளைத்து மண்ணுக்கு மருந்து செலுத்தச் சொல்வேன்.

அன்று பவனி நிற்கவில்லை. ஆட்டினால் சுரூபம் நொறுங்கிவிடும் என்று மாமா சொன்னதும், அப்பா வீட்டுக்குப் போய்த் தான் பின்னிய வலையில் ஒரு துண்டு கொண்டுவந்தார். இருவருமாக அதைப் புனிதரின் உடம்பில் சுற்றி இறுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்தினார்கள். அப்பா தன் பழைய இடத்தில், முன்பக்கம் இடதுபுறம், தோள் கொடுத்தார்.

"எடுங்கலே."

கடற்கரை வரை போய் எட்டு மணிக்குத் திரும்பினோம். வழி முழுவதும் அப்பா தலையைக் குனிந்தே நடந்தார். அந்தோணியாரை நினைத்து வருந்துகிறார் என்று எண்ணினேன். முதுகு வலிக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு, "வலிக்க அதுல என்ன இரிக்கு?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நான் எழுந்தபோது அப்பா பாயில் இல்லை. முற்றத்திலிருந்து பார்த்தேன். கரையில் எங்கள் கட்டுமரத்தின் அருகே நின்றிருந்தார். மூன்று வருஷமாக யாரும் தொடாத நங்கூரக் கல் அங்கே மணலில் பாதி புதைந்து கிடந்தது. அப்பா குனிந்து, அதைச் சுற்றி மணலைக் கையால் தோண்டி விலக்கினார். கல்லை முழங்கால் வரை தூக்கினார், நின்றார். பிறகு இடுப்புக்கு, பிறகு இடது தோளுக்கு. அப்படியே மெல்ல நடந்து தண்ணீர் கால் நனைக்கும் இடம் வரை போய், திரும்பி வந்து, கல்லை அது கிடந்த அதே பள்ளத்தில் வைத்தார்.

எங்கும் கொண்டுபோய் வைக்காத கல்லை ஒருவர் ஏன் இவ்வளவு சிரமப்பட்டுத் தூக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நடந்த அடிகளையும் நான் எண்ணவில்லை.