ஸ்டெப்னியைப் புதைத்த மத்தியானம்

பச்சைத் தோலின் நாற்றத்துக்கு மூக்கு அரைமணி நேரத்தில் பழகிவிடும். ஆனால் அது ஓடுகிற லாரியில்தான், வெயிலில் நின்றுவிட்ட லாரியில் நிமிஷத்துக்கு நிமிஷம் புதிதாக நாறும்.

பேரணாம்பட்டுப் பக்கத்துச் சந்தைகளில் வாங்கி உப்புத் தடவி மடித்த மாட்டுத் தோல்களை ஆம்பூர் டேனரி ஒன்றுக்கு ஏற்றிவரும் லாரிக்கு என் அப்பா டிரைவர். பள்ளி விடுமுறையில், பத்து வயதுப் பெண்ணான என்னையும் சில நாள் கூட்டிப்போவார். அன்று வெயில் "ஜாஸ்தி", உப்பு "கம்மி". தோல் கெடத் தொடங்கினால் முதலில் மயிர் கழலும். மயிர் கழன்ற தோலைக் கொண்டுவரும் டிரைவர் மறுநாள் வர வேண்டியதில்லை என்பது அந்த டேனரியின் எழுதப்படாத விதி. விதிகளில் எழுதப்படாதவைதான் தவறாமல் அமலாகின்றன என்பதை, பின்னாளில் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதப்பட்டவற்றோடு முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டித் தெரிந்துகொண்டேன்.

ஆற்றில் இறங்கக் கூடாதென்று டேனரி மேஸ்திரி சொல்லியிருந்தும், பாலம் வழியாகப் போனால் சுற்று என்று அப்பா வறண்ட பாலாற்றுக்குள் லாரியை இறக்கினார். நடு ஆற்றில் பின்சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன. எஞ்சினை உறுமவிட, இன்னும் இறங்கின.

கரையிலிருந்த வேறொரு டேனரியில் தோல்களைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்களை ரிப்பேர் பார்க்கும் பஷீர் பாய், ஐந்து ஆட்களோடு வந்தார். ஆட்கள் கொண்டுவந்தது கயிறு அல்ல, டிரம்மைச் சுழற்றும் நீளமான தோல் பெல்ட். தோல்காரர்களுக்குத் தோலின்மேல்தான் நம்பிக்கை. ஆறு பேரும் பல்லைக் கடித்து இழுத்தார்கள். பெல்ட் அறுந்துபோகவில்லை, ஆனால் ஒரு முழம் நீண்டது. லாரி இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னாடா இது, வண்டி வர்ல, பெல்ட்டுதான் வளருது" என்றார் பாய்.

"எங்க மச்சான் மாதிரி பாய். இழுத்தா நீட்டிப் படுப்பான், எழுந்து மட்டும் வரமாட்டான்" என்றான் ஆட்களில் ஒருவன்.

அப்பா சிரிக்கவில்லை. ஒரு தோலின் ஓரத்தைத் தூக்கி, மயிரை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு மூடினார்.

பிறகு பாய் டிரம்மைத் தூக்கும் வடக்கயிறும் இரும்புக் கப்பியும் வரவழைத்தார்.

"கட்றதுக்கு மரம் எங்க பாய்?" என்றார் அப்பா.

"உன் வண்டியிலயே கீதே. ஸ்டெப்னியக் கழட்டு டிரைவரே."

லாரிக்கு முன்னால் இடுப்பளவு குழி தோண்டி, கயிற்றின் ஒரு முனையைக் கட்டிய ஸ்டெப்னியை, அந்த உபரிச் சக்கரத்தை, அதில் நிற்கவைத்துப் புதைத்தார்கள். கப்பியையும் அங்கேயே மாட்டப்போன ஒருவனைப் பாய் தடுத்தார்.

"அங்க கட்டினா கயிறுதான் திரும்பும், பலம் கூடாது. வண்டியில மாட்டு. ஆறு பேர் பன்னெண்டு பேராவோம். ஆனா ரெண்டு முழம் இழுத்தா வண்டி ஒரு முழம்தான் வரும். அவசரப்பட்டா பேஜார்."

ஸ்டெப்னியிலிருந்து புறப்பட்ட கயிறு லாரியின் முன்கொக்கியில் மாட்டிய கப்பியைச் சுற்றி, திரும்ப ஆட்களின் கைக்கு வந்தது. விறைத்த கயிற்றின்மேல் பாய் ஈரச் சாக்கைப் போட்டார். அறுந்தால் பாம்பாகத் துள்ளி அடிக்குமாம், சாக்கின் கனம் அதைக் கீழே அமுக்கிவிடுமாம். இந்த யோசனை பல ஆண்டுகள் கழித்து எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கையாக வந்தபோது நான் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். அன்று எனக்குக் கிடைத்த வேலையோ, ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு சக்கரம் பின்வாங்காதபடி அதன் பின்னால் கல் வைப்பது. பத்து வயதுக் குழந்தையைச் சக்கரத்தடியில் குனியவைத்த ஆலையை, ஆய்வாளராக நான் அன்றைக்கே பூட்டியிருப்பேன்.

அப்பா மெல்ல ஆக்சிலேட்டரை மிதிக்க, முழம் முழமாக, ஒரு வழியாக லாரி கெட்டி மண்ணைத் தொட்டது. ஸ்டெப்னியைத் தோண்டி எடுத்து அப்படியே பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

டேனரியில் மேஸ்திரி மேல்தோலின் மயிரைப் பிடித்து இழுத்தார். கொத்தாக வந்தது. அடுத்ததிலும் வந்தது. அடுக்குக்குள் கையை நுழைத்து நடுவிலிருந்த ஒரு தோலின் மயிரை இழுத்தார், அது வரவில்லை.

"ஏன்யா இவ்ளோ லேட்டு?"

மேஸ்திரியின் பார்வை ஈரமணல் அப்பிய ஸ்டெப்னியில் நின்றது, பிறகு மணல் ஒட்டிய என் முழங்கால்களுக்கு வந்தது.

"பஞ்சரா?" என்றார்.

பஞ்சர் டிரைவர் குற்றமல்ல. "ஆமாங்க" என்றார் அப்பா.

"கழண்டத தனியா போடு. மத்தத சீக்கிரம் சுண்ணாம்புத் தொட்டில எறக்கு."

அப்பாவின் வேலை பிழைத்தது. வீட்டுக்கு நடக்கும்போது, "அம்மா கேட்டாலும் பஞ்சர்தான் பாப்பா" என்றார்.

பிறகு என் மேசைக்கு எத்தனையோ விபத்து அறிக்கைகள் வந்தன. கறாரானவள் என்று எனக்குப் பெயர். ஆனால் காரணம் என்ற கட்டத்தில் "பஞ்சர்" என்று எழுதியிருந்தால் மட்டும், மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

சென்ற மாதம் அதே இடத்தில், பிற்பாடு கட்டிய பாலத்தின்மேல் நின்று பார்த்தேன். மணலை முழுக்க அள்ளிப்போய்விட்டார்கள். கீழே களிமண்ணும் சீமைக் கருவேலமும்தான். பாலாற்று மணலில் லாரி அச்சுவரை புதைந்தது என்று அப்பா இன்று உண்மையையே எழுதிக் கொடுத்தாலும், அங்கே மணல் ஏது என்று கேட்டு எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பிவிடும்.