தூதர் மேல் ஒட்டிய அம்புகள்

ஈரப் பருத்தியில் ஸ்டீம் அயர்ன் ஏறும் வாசனை மூக்கில் பட்டால் மற்றவர்களுக்கு என்ன நினைவு வருமோ, எனக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தூதர் ஒருவர் வந்து தொலைக்கிறார்.

ஊத்துக்குளி சாலையில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒருவர் மொழிபெயர்ப்பு வேலை ஒன்றுக்காக என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவரிடம் சரக்கு வாங்குகிற அமெரிக்க பையர் அம்மாள் அந்தத் தூதரின் வம்சம். குடும்பத்தார் தொகுத்த நாற்பது பக்க வாழ்க்கை வரலாறு தமிழில் வேண்டுமாம். ஏன் தமிழில் என்று முதலாளி கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

தூதர் அச்சுக்கூடக்காரர் மகன். தேர்தலில் ஜெயித்தவருக்காக மேடை மேடையாகப் பேசி, கீழ்த்திசைத் துறைமுகம் ஒன்றில் பதவி வாங்கினார். வெயில், காய்ச்சல், மாதக்கணக்கில் கடலில் மிதந்து வரும் பதில்கள். ஒருநாள் அவர் நாட்டுக் கொடி பறந்த கப்பலின் அடித்தளத்தில், தோட்ட வேலைக்கு ஏற்றப்பட்ட நம்மவர்கள் மூச்சுமுட்டிக் கிடந்ததைக் கண்டார். கப்பலை நிறுத்திவைத்துத் தலைநகருக்குக் கடிதம் எழுதினார். கப்பல்காரர்கள் பெரிய இடம். வேலை போயிற்று. மிச்ச ஆயுளெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார். அந்த ஒரு கடிதத்தைத் தமிழாக்க எனக்கு நாலு நாள் பிடித்தது.

செக்கிங் ஆகாமல் அந்தக் கம்பெனியிலிருந்து எதுவும் வெளியே போகாது. என் பிரதியும் அங்கே போனது. பனியனில் ஓட்டை, கறை தெரிந்த இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை, தூதர் சறுக்கிய இடமெல்லாம் ஒட்டித் தள்ளியிருந்தார் தூத்துக்குடிப் பக்கத்துச் செக்கிங் அம்மாள். காய்ச்சலுக்கு ஒன்று. மனைவி பிரிந்துபோனதற்கு ஒன்று. கடிதத்துக்கு மட்டும் பதினொன்று.

“ஏனுங்க, வேலைய உட்டுத் தூக்குனதயெல்லாம் பையர்கிட்டச் சொல்லலாமுங்களா? அவிங்க ஊட்டுப் பெரியவருங்க. ஆர்டர் போயிருமுங்க” என்றார் முதலாளி.

அந்தக் கடிதம்தான் அவர் வாழ்க்கையே என்றேன். அம்பு ஒட்டிய பீஸ் ஷிப்மென்ட் ஆகாது என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். அவருடைய பணிவு இருக்கிறதே, அதோடு சண்டை போடவே முடியாது, பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி. மூன்று நாள் குத்திப் பார்த்துக் கையெடுத்துவிட்டேன். கடிதம் இல்லாமலே அச்சானது. வழவழத் தாளில் தூதர் ஒரு தும்மல்கூட இல்லாமல் வாழ்ந்து ஓய்வுபெற்றார்.

பையர் வந்தார். மாலை, குங்குமம், இளநீர். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி என்னிடமே நீட்டி, கடிதத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். கப்பலில் கிடந்தவர்களின் மொழியில் அதை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பது அவர் தாயாரின் ஆசையாம். தமிழ் கேட்டதே அதற்காகத்தானாம்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். நாலு நாள் உருட்டிய வாக்கியங்கள்; பாதிக்குமேல் மனப்பாடம். இரண்டு இடத்தில் தடுமாறி, என் சொந்தச் சரக்கை இட்டு நிரப்பினேன். செக்கிங் அம்மாள் மூக்கை உறிஞ்சினார். பையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று குறித்துத் தரச் சொன்னார்.

இதில் இல்லை, எடுத்துவிட்டோம் என்றேன். ‘எடுத்துவிட்டார்’ என்னாமல் ‘விட்டோம்’ என்றேனே, அதற்காக முதலாளி இன்றும் எனக்கு வணக்கம் வைக்கிறார்.

பையர் அம்மாள் கோபப்படவில்லை. புத்தகத்தை மேசைமேல் திருப்பி வைத்தார். முழுசாக அச்சானதும் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் காரில் ஏறினார்.

நான் வண்டியைக் கிளப்பும்போது முதலாளி கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க. கடுதாசியச் சேத்திப் போட்டரலாமுங்க. அந்த வேலை போனத மட்டும் உட்டரலாமுங்களா?”